கத்திரி வாங்கிப்போன மூன்று ஜோடி

ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காதோடு வருவதில்லை, நெஞ்சோடு வருகிறார்கள். பாட்டைப் போட்டதும் நெஞ்சு அதிர வேண்டும், கடையின் கண்ணாடிக் கதவு கடகடவென்று ஆட வேண்டும். இல்லாவிட்டால் "பாஸே இல்லையேங்க" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் ஒரு மத்தியான வேளையில் கத்திரி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டி, "பாட்டு வேணாம்ணே, இதப் போடுங்க" என்றபோது அவன்மேல் எனக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

அதில் இருந்தது ஒரு பாடம். எட்டாம் வகுப்பு அறிவியல், அமிலங்களும் காரங்களும். ஒரு பெண் குரல் நிதானமாகப் படித்துக்கொண்டு போனது. ஹெட்ஃபோன் பார்க்க வந்திருந்த இரண்டு பேர் இது என்ன கடையா டியூஷன் சென்டரா என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. மனிதக் குரலைவிடக் கடினமான பரீட்சை ஸ்பீக்கருக்குக் கிடையாது என்பது என் கட்சி. கிட்டாரை எப்படி வாசித்தாலும் கிட்டார்தான். கட்டிய மனைவியின் குரல் ஒரு இழை மாறினாலும் புருஷனுக்குத் தெரிந்துவிடும் என்று அன்றைக்குப் பெரிய மேதாவிபோல் சொல்லிவைத்தேன்.

அவன் தேடி வந்தது ஸ்டுடியோ மானிட்டர். வீட்டு ஸ்பீக்கருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: அது நமக்குப் பிடித்தமாதிரி பேசும், இது உள்ளதைப் பேசும். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டையும் வைத்து நடுவில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். சத்தம் சுவரில் முட்டிக் குழம்பி வருவதற்கு முன்னாலேயே நேராகக் காதில் வாங்கிக்கொள்வதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

கத்திரி என்பது ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுகிற அவன் வேலைக்காக நாங்கள் வைத்த பெயர். வயது நாற்பத்தொன்பது. ஒல்லி உடம்பு. மூக்குக்கண்ணாடியை எங்காவது வைத்துத் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். பயம் அவனுக்கு மூச்சு மாதிரி. வானம் கொஞ்சம் இருட்டினால் வீட்டில் எல்லா வயரையும் பிடுங்கிப் போடுவான். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பான், தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பான். செய்து முடித்த வேலையையெல்லாம் மூன்று ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றைத் தன் வீட்டிலும் ஒன்றைத் தன் அண்ணன் வீட்டிலும் ஒன்றை என் கடை அலமாரியிலும் வைத்திருந்தான். மூணு இடத்திலும் ஒரே நாளில் தீப்பிடிக்குமா என்று கிண்டலாகக் கேட்டேன். அவன் அதையும் உட்கார்ந்து யோசித்தான்.

அவன் மனைவியை எல்லோரும் டீச்சர் என்போம். அவனை அவன் என்றும் டீச்சரை அவர் என்றும்தான் என் வாயில் வரும், கத்திரிக்கே அதில் வருத்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் பாடம் எடுத்தவர். கத்திரி அப்போது ஒரு விளம்பர ஒலிப்பதிவுக் கூடத்தில் எடிட்டர். அந்தக் கூடத்தை இழுத்து மூடியபோது இவன் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். டீச்சர்தான், கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைப் பதிவு செய்யும் ஒரு அறக்கட்டளையைத் தேடிப் பிடித்து, நான் படிக்கிறேன் நீங்கள் வெட்டுங்கள் என்று பின்கட்டில் இரண்டு அறையை ஒழித்துக்கொடுத்தவர். ஒரு அறையில் சுவரெல்லாம் பழைய மெத்தை, நடுவில் மைக், நாற்காலி. மின்விசிறி போட்டால் சத்தம் கேட்கும் என்பதால் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டீச்சர் படிப்பார். அடுத்த அறையில் மேஜைக்கு முன்னால் கத்திரி. பதினாலு வருஷம் இப்படித்தான் ஓடியது.

படிக்கும்போது டீச்சர் சும்மா இருக்க மாட்டார். இருமுவார், தும்முவார். "இந்த வரிய எழுதின ஆளு கையில கெடச்சா இருக்கு" என்று புத்தகம் எழுதியவரைத் திட்டுவார். நடுவிலேயே வெளியூரில் இருக்கிற மகளிடம் ஃபோனில் சொல்ல வேண்டிய எதையாவது நினைத்துக்கொண்டு ஞாபகப்படுத்தச் சொல்வார். சிரிப்பு வந்துவிட்டால் அடுத்த அரைமணி நேரம் வேலை நடக்காது. கத்திரி அத்தனையையும் வெட்டி எறிவான். மூச்சு இழுக்கும் சத்தத்தைக்கூட விட்டுவைக்க மாட்டான். அவன் முடித்துக் கொடுத்தால் பாடம் இருக்கும், ஆள் இருக்காது. கேட்கிற பிள்ளைக்குப் பாடம்தானே வேண்டும், எங்கள் வீட்டுக் கதை எதற்கு என்பான். நானும் அந்தக் கைவேலையை மெச்சியவன்தான்.

இந்தச் சமயத்தில் அறக்கட்டளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சில மாதங்களாகக் குரல் சற்று மந்தமாக ஒலிக்கிறது, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று மாணவர்கள் சொல்கிறார்கள், உங்கள் கருவிகளைச் சரிபார்க்கவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதுவரை அவன் வெட்டியதெல்லாம் வீட்டுக் கூடத்திலிருந்து எடுத்துவந்த பழைய பாட்டுப் பெட்டியில் கேட்டுத்தான். அதில் யார் பேசினாலும் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிறமாதிரி இருக்கும். அந்தப் பெட்டிதான் என்னைக் கவிழ்த்துவிட்டது, குறையைக் காட்டாமல் மறைத்துவிட்டது என்று முடிவுகட்டி என்னிடம் ஓடிவந்தான். பகலில் வேலைக்கு ஆகும், சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவும் ஆகும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். டீச்சருக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. இருக்கிறதே போதும், புதுசு எதற்கு என்று ஒற்றைக்காலில் நின்றாராம். சிக்கனம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் வந்தான். என் கடையில் ஐந்து ஜோடிகளை ஒரே பலகையில் வரிசையாக வைத்திருப்பேன், பொத்தானை அமுக்கினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தம் தாவும். எந்த ஜோடியை விற்க வேண்டுமோ அதை மட்டும் அரைப் புள்ளி சத்தமாக வைத்தால் போதும், வாங்க வருகிறவர் அதுதான் நன்றாக இருக்கிறது என்பார். ஊரில் எல்லாக் கடையிலும் நடக்கிற திருட்டுத்தனம் இது. கத்திரிக்கு நான் மீட்டர் வைத்துச் சமமாக்கிக் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பிறகு எதுவும் ஓடாதபோது காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து இரைச்சல் வருகிறதா என்று பார்ப்பான். எட்டு அங்குல ஸ்பீக்கர் உன் சின்ன அறைக்கு ஆகாது, குமுறும் என்று சொன்னேன். மேஜை சுவரை ஒட்டி இருப்பதால் காற்றுத் துவாரம் முன்பக்கம் உள்ளதாகப் பார்த்து, ஐந்து அங்குல ஜோடி ஒன்றை எடுத்துவைத்தேன். அவன் தலையாட்டினான். ஆனால் முகம் தெளியவில்லை. எதில் கேட்டாலும் ஏதோ ஒன்று தடித்தமாதிரி இருக்கிறது என்றான். கடை அப்படி, வீட்டில் போய்க் கேள் என்று அனுப்பிவைத்தேன்.

நாலாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தான். "ல, ர வர்ற எடத்துலல்லாம் நாக்கு சுத்துற மாதிரி கேக்குதுண்ணே. ட்வீட்டர்ல ஏதோ கோளாறு" என்றான். ட்வீட்டர் என்பது பெட்டியில் கூர்மையான ஒலிகளை மட்டும் தருகிற சின்ன ஸ்பீக்கர். என் கடைச் சரக்கைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். இருந்தாலும் கத்திரியாயிற்றே என்று வேறு கம்பெனியின் ஜோடியைக் கொடுத்து, நானே வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்த அறையில் தலைகீழாக நின்றேன். நூல் பிடித்து அளந்து, அவன் தலைக்கும் இரண்டு பெட்டிக்கும் இடைவெளி சமமாக வருகிறமாதிரி வைத்தேன். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர அடியில் பலகை கொடுத்தேன். மேஜையின் அதிர்வு ஏறாமல் இருக்க ஃபோம் வைத்தேன். அன்றைக்குக் காலையில் பதிவு செய்த பாடத்தை ஓடவிட்டான். அவன் சொன்னது வாஸ்தவம்தான், சொற்கள் கொழகொழவென்று வந்தன. பெட்டியின் பின்பக்கம் ட்ரெபிளைக் கூட்டும் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை இரண்டு புள்ளி ஏற்றிவிட்டு, இப்போது கேள் என்றேன். கொஞ்சம் கூர்மை வந்தது. குறை போகவில்லை, மேலே பவுடர் பூசியமாதிரி ஆனது, அவ்வளவுதான். அது எனக்கே தெரிந்தது. ஆனாலும் பார்த்தாயா பார்த்தாயா என்று சப்பைக்கட்டு கட்டினேன்.

அவன் சமாதானம் ஆகவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பழைய பாடம் ஒன்றைப் போடு, குறை ஸ்பீக்கரிலா உன் மைக்கிலா என்று இங்கேயே தெரிந்துவிடும் என்றேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய புவியியல் பாடம் ஒன்றைப் போட்டான்.

ஒரு ஆறு உற்பத்தியாகி மலையிலிருந்து இறங்கி வருவதைப் பற்றிய பாடம். டீச்சரின் குரல் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து மேஜைமேல் வைத்தது. அவர் அங்கேயே எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பதுபோல் இருந்தது. நான் வெற்றிக் களிப்பில் அவன் தோளைத் தட்டி, "பாத்தியா? என் ஸ்பீக்கர்ல ஒரு மண்ணும் இல்ல" என்றேன். அவன் அசையவில்லை. மைக்கை எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். மாற்றவே இல்லை என்றான். மெத்தை, நாற்காலி, கேபிள் எதுவுமே மாறவில்லை என்றான். அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவன் முகத்தைப் பார்த்தபிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. என் கை அவன் தோளிலேயே இருந்தது, எடுக்கவும் தோன்றவில்லை.

கத்திரி மாசம் மாசமாகப் பாடங்களைப் போட்டுக்கொண்டு வந்தான். போன வருஷம், தெளிவு. இந்த வருஷத் தொடக்கம், தெளிவு. அதற்கு இரண்டு மாசம் கழித்து ஒரு கணக்குப் பாடத்தில், ஒரு வரியின் கடைசியில், நாக்கு லேசாகச் சோர்ந்து விழுந்தது. அடுத்த மாசம் பக்கத்துக்கு மூன்று இடம். அதற்கடுத்த மாசம் எண்ண முடியவில்லை. அவன் ஒவ்வொன்றையும் நிறுத்தி, மறுபடி போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டான். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து டீச்சர் இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே வந்தார். கத்திரி படக்கென்று சத்தத்தை அணைத்தான். "என்ன, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு வரியில் இரண்டு இடத்தில் அது இருந்தது. மாசத்துக்கு நாலு தடவை அந்த வீட்டில் டீ குடிக்கிறவன் நான். சத்தத்தைக் காதால் எடைபோடுவதே என் பிழைப்பு. அதுவரை என் காதில் அது விழவே இல்லை. கத்திரிதான் முந்திக்கொண்டான். "பெட்டி சரியில்ல. மாத்தணும்" என்றான். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு டீயை வாய் வெந்துபோகிறமாதிரி குடித்தேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றேன். போகிறேன் போகிறேன் என்றான். போகவில்லை. மறுநாள் கடைக்கு வந்து மூன்றாவது ஜோடி வேண்டும் என்றான். குறை பெட்டியில் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டியை மாற்றிக்கொண்டே இருக்கிறவரைக்கும் குறை பெட்டியில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒரு முட்டாள்தனத்தை ஸ்பீக்கர் தொழிலில் இருக்கிறவன்தான் செய்வான், கூட நின்று பில் போட்டுக் கொடுக்கவும் இன்னொரு ஸ்பீக்கர்க்காரன்தான் வேண்டும். நான் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

மூன்றாவது ஜோடியை மாட்ட நான் போனபோது பத்து நாள் ஓடிவிட்டிருந்தது. கத்திரி பாதியாக இளைத்திருந்தான். அவன் சவரம் செய்துகொள்ளாமல் இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அட்டைப் பெட்டியைத் தரையில் வைத்து டேப்பைக் கிழிக்கக் குனிந்தேன். டீச்சர் பதிவு அறையிலிருந்து வெளியே வந்து, ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அட்டைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரிக்காதீங்கண்ணா. கோளாறு இதுல இல்லன்னு உங்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி எனக்குத் தெரியும்."

சொல்லச் சொல்ல நாக்கு இடறியது. அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றார். இரண்டு பக்கம் படித்தால் நாக்கு பாரமாகிவிடுகிறது என்றார். கத்திரி வெளியே போகிற நேரத்தில் ஒவ்வொரு பத்தியையும் நாலு தடவை ஐந்து தடவை படித்து, இருப்பதில் நல்லதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழித்திருக்கிறார். அழித்ததை யாரும் கண்டுபிடித்துவிடாமல் கணினிக் குப்பைத்தொட்டியையும் காலி செய்திருக்கிறார். நல்ல ஸ்பீக்கர் வந்தால் குட்டு உடைந்துவிடும் என்றுதான் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தாராம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்திரி கேட்டான்.

"நீங்க பயப்படுவீங்க."

நாற்காலியிலிருந்து இறங்கி அவனும் தரையில் உட்கார்ந்தான்.

அடுத்த ஒன்றரை மாசம் ஆஸ்பத்திரி. ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஊசியைச் சதையில் குத்தி நரம்பைச் சோதித்தார்கள், நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடைசி டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். நாக்கையும் தொண்டையையும் இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டு வருகின்றன, மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. பேச்சு எவ்வளவு நாள் இருக்கும் என்று கத்திரி கேட்டிருக்கிறான். ஒரு வருஷமாக இருக்கலாம், சில மாசமாக இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும் என்றாராம். பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாதான், குரல் இருக்கும்போதே பதிவு செய்துவையுங்கள், பின்னால் மெஷினில் எழுத்தைத் தட்டினால் இவர் குரலிலேயே பேசவைக்கலாம் என்றார். பாடம் வாசிக்கிற குரல் அதற்கு அவ்வளவு உதவாது, வீட்டில் சாதாரணமாகப் பேசுகிற பேச்சாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இதைக் கேட்டதும் கத்திரிக்கு உயிர் வந்தது. பதினாலு வருஷப் பதிவு மூன்று பிரதி வைத்திருக்கிறேன், தேடினால் நோய் வருவதற்கு முந்தைய பேச்சு எவ்வளவோ கிடைக்கும் என்று அந்த அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். தன் வீட்டு டிஸ்க்கை முழுக்கத் தேடினான். அண்ணன் வீட்டு டிஸ்க்கைத் தேடினான். மூன்றாவதைத் தேடிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஐந்து ஜோடி ஸ்பீக்கருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வேதியியல் ஓடியது, வரலாறு ஓடியது, வட்டத்தின் சுற்றளவு ஓடியது. வாடிக்கையாளர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றிலும் ஒரே சரக்குதான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. அவனே ஏற்றியதுதானே.

சாயங்காலம் நான் கடை விளக்கைப் போட்டபோது தலையைத் தூக்கினான்.

"ஒண்ணு கூட இல்லண்ணே. மூவாயிரம் மணி நேரம் இருக்கு. அவ என்னை 'ஏங்க'ன்னு கூப்பிட்டது ஒரு எடத்துல கூட இல்ல. அத்தனையும் நான்தான் வெட்டியிருக்கேன்."

ஃபோனில் எடுத்த வீடியோ இருக்குமே என்று கேட்டேன். கல்யாண வீடுகளில் எடுத்தது நாலைந்து இருக்கிறது, அதில் எல்லாம் பின்னால் மேளமும் ஜெனரேட்டரும், டீச்சர் எங்கோ ஓரத்தில் வாயசைக்கிறார் என்றான். மகளுக்குக் குரல் செய்தி அனுப்பியிருப்பாரே என்றேன். காலையிலிருந்து கத்தியாகிவிட்டது, இதற்குமேல் பேச முடியாது என்று மகளுக்கு எப்போதும் எழுதித்தான் அனுப்புவாராம். ஆளே தெரியாமல் வெட்டுகிறாய் என்று அவனை மெச்சியவன் நான்.

இனி இருக்கிற குரலையாவது பிடிக்க வேண்டும். மறுநாளே ஆரம்பிப்பது என்று முடிவானது. என்னையும் வரச் சொன்னான். பதிவு செய்கிற மேஜையில் நான்தான் உட்கார வேண்டும் என்றான். அவன் உட்கார்ந்தால், டீச்சர் பாடத்தை விட்டு வேறு ஏதாவது பேச ஆரம்பித்ததுமே பழக்கதோஷத்தில் கை தானாக நிறுத்திவிடுமாம்.

மூன்றாவது ஜோடியை நானே பிரித்து மேஜைமேல் வைத்தேன். ட்ரெபிள் சுவிட்சை நடுவில் வைத்தேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. கத்திரி இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெத்தை அறைக்குள் போய் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தான். பதினாலு வருஷத்தில் அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கதவைச் சாத்தினார்கள். அவர்களுடைய மூச்சு இந்தப் பக்கம் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்து வந்தது.

பயிற்சி அம்மா ஒரு தாள் கொடுத்திருந்தார். டீச்சர் அதைப் படித்தார். "தண்ணி வேணும். வலிக்குது. கதவச் சாத்துங்க. வெளிச்சம் கண்ணக் கூசுது." ஒவ்வொன்றையும் நிறுத்தி, அமிலங்களும் காரங்களும் மாதிரியே படித்தார். நான் அந்த அறைக்குள் பேசுகிற மேஜை மைக்கின் பொத்தானை அமுக்கி, "பாடம் நடத்தாதீங்க தங்கச்சி, பேசுங்க" என்றேன். என்ன பேசுவது என்று கேட்டார். கத்திரிதான், என்னைத் திட்டு, உனக்கு அதுதான் தானாக வரும் என்றான். டீச்சர் பிடித்துக்கொண்டார். பூட்டிய கதவை ஒன்பது தடவை இழுத்து இழுத்துத் தாழ்ப்பாளே கழன்று கையோடு வந்ததைச் சொல்லித் திட்டினார். திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நாக்குதான் ஒத்துழைக்கவில்லை, சிரிப்பு முழுசாக வந்தது. மீட்டர் மேலும் கீழும் குதித்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க" என்றார் டீச்சர். "செத்துப்போறதுக்கு இல்ல. பேச்சு போனப்புறமும் இருப்பேனே, அதுக்கு. நான் ஒண்ணு நெனப்பேன், அது உங்களுக்குத் தெரியாது. நீங்க பக்கத்துலதான் இருப்பீங்க."

ஒரு நாற்காலி நகர்ந்தது. "எனக்கும் பயமா இருக்கு" என்றான் கத்திரி.

"உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல?"

"அதெல்லாம் வேற."

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் குறைத்தால், சத்தம் ஏறிப் பதிவு உடைகிறதா என்று எனக்குத் தெரியாமல் போகும். இன்னொரு தடவை கிடைக்காத குரல். பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கிப் போய் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"என்னைக் கூப்பிடு" என்றான் கத்திரி.

"என்னன்னு?"

"எப்பவும் கூப்பிடுற மாதிரி."

டீச்சர் கூப்பிட்டார். "ஏங்க." கொஞ்சம் பொறுத்து, பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிறமாதிரி சத்தமாக இன்னொரு தடவை. எரிச்சலோடு ஒன்று. தூங்குகிறவரை எழுப்புகிறமாதிரி மெதுவாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கத்திரி "என்னம்மா" என்று பதில் சொன்னான். அவன் குரல் குறுக்கே விழுந்தால் பதிவு எதற்கும் ஆகாது, அந்த எடிட்டருக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையே இல்லை. பதில் சொல்லாதே என்று மைக்கில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாய் வரவில்லை. டீச்சர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவனும் ஒவ்வொரு தடவையும் "என்னம்மா" என்றான்.